நின்று தேய்ந்த பேட்டரி

நாகராஜின் சட்டைகளில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். வயிற்றுக்கு நேரே அதிகம். பேட்டரியின் மூடியைத் திறந்து குனியும்போது தெறிக்கும் ஆசிட் அங்கேதான் விழும். விழும்போது தெரியாது. இரண்டு முறை துவைத்த பிறகுதான் துணி விட்டுக்கொடுக்கும். மனைவி பானுமதி வீட்டில் இருந்தபோது ஓட்டை விழுந்த சட்டைகளைத் தனியாக அடுக்கி வைப்பாள். வேலைக்கு அவை, வெளியே போக மற்றவை. அவள் போன பிறகு எல்லாச் சட்டையும் வேலைச் சட்டையாகிவிட்டது.

மும்பை தாராவியில் பிறந்தவன். பள்ளிக்கூடம் முடிந்ததும் தொண்ணூறடி ரோட்டில் ஒரு பேட்டரி சார்ஜ் கடையில் சேர்ந்தான். டாக்ஸிகளின் பேட்டரிகள் வரிசையாகக் கொதித்துக்கொண்டிருக்கும் கடை அது. பிறகு செம்பூரில் ஒரு கான்ட்ராக்டரிடம் வந்தான். லிஃப்டுக்கு, கிளினிக்குக்கு, வீடுகளின் இன்வெர்ட்டருக்கு என்று செம்பூர் முதல் மாட்டுங்கா வரை அவன் பார்க்கும் பேட்டரிகள் இருந்தன. பையில் ஹைட்ரோமீட்டர், மல்டிமீட்டர், பழைய டூத்பிரஷ், வாஸ்லின் டப்பா. கையில் டிஸ்டில்டு வாட்டர் கேன். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளையைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, வாஸ்லின் தடவுவான். ஒவ்வொரு மூடியாகத் திறந்து தண்ணீர் விடுவான். அதிகம் பேச வேண்டியிராத வேலை.

பேசினால் ஒன்றைத்தான் சொல்வான். ஊருக்குப் போகும்போது இன்வெர்ட்டரை அணைத்துவிட்டுப் போகிறவர்களிடம் அதைச் சொல்வான்.

"மெயினை அணைக்காதீங்க. பேட்டரியைப் பசியோட போட்டுட்டுப் போனா தகட்டுல உப்பு பூத்துரும். அப்புறம் எம்புட்டு ஊத்தினாலும் ஏறாது. எப்பவும் நிறைஞ்சே இருக்கணும்."

அவன் பார்த்த பேட்டரிகளுக்கு அது சரி. ஈயமும் ஆசிடும் கொண்ட அந்தக் கனத்த பெட்டிகள் முழுதாக நிறைந்து, மேலே சொட்டுச் சொட்டாக மின்சாரம் இறங்கிக்கொண்டிருக்க, வருடக்கணக்கில் தயாராக நிற்கும். என்றோ ஒரு நாள் கரண்ட் போகும். அந்த ஒரு நாளுக்காக.

பானுமதி கோவண்டியில் வளர்ந்தவள். சயானில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயாவாக இருந்தாள். பிறகு வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டாள். பிள்ளைகள் இல்லை. மான்குர்த்தில் குடிசைகளை இடித்துக் கட்டிக்கொடுத்த கட்டடத்தில், ஆறாவது மாடியில், ஒற்றை அறை. அவள் பேசுவாள், அவன் கேட்பான். மால்டா என்ற தீவில் முதியோர் இல்லத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவள் வந்து சொன்ன நாளிலும் அவள்தான் பேசினாள்.

"போகட்டுமா?" என்று கேட்டாள்.

"உன் இஷ்டம்."

அடுத்த நாளும் கேட்டாள். பாஸ்போர்ட் வந்த அன்றும் கேட்டாள். அதே பதில். விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, "பாத்துப் போ" என்றான். அவள் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு தள்ளிக்கொண்டு போனாள்.

அவன் சொல்ல நினைத்தது வேறு என்று அவனுக்கே வீடு திரும்பும் வழியில்தான் தெரிந்தது.

*

போவதற்கு முன் ஒரு லேப்டாப்புக்கு ஏற்பாடு செய்தது அவள்தான். வாஷியில் பழைய லேப்டாப்புகளைச் சரிசெய்து விற்கும் ரோஷனிடமிருந்து வந்தது. ரோஷனும் தாராவிக்காரன், ஒரே சந்து. உள்ளே புது பேட்டரி போட்டுக் கொடுத்தான்.

போன் போதாதா என்று நாகராஜ் கேட்டிருந்தான். முதல் ஞாயிற்றுக்கிழமையே அவனுக்குப் புரிந்தது. போனில் அவள் முகம் கட்டைவிரல் அளவு. இதில் முகம் முகத்தின் அளவு. இடது புருவத்தில் இருந்த பழைய தழும்பு தெரிந்தது. அவள் திரும்பும்போது காதோரம் நரைத்திருப்பது தெரிந்தது. அங்கே போய் நரைத்ததா, இங்கேயே இருந்து அவன் பார்க்காததா என்று தெரியவில்லை.

லேப்டாப்பைப் பீரோவின் மேல் வைத்தான். தூசி படாமலிருக்க ஒரு துவாலையைப் போர்த்தினான். சார்ஜரை மாட்டியவன் கழற்றவேயில்லை. அந்தப் பக்கச் சுவர் மேற்கு வெயில் விழும் சுவர், மாலையில் கை வைத்தால் சுடும். துவாலைக்குள் லேப்டாப்பும் இளஞ்சூடாகவே இருக்கும். சார்ஜர் செருகிய இடத்தில் ஒரு சின்ன வெள்ளை விளக்கு. வேலை முடிந்து கதவைத் திறந்ததும், ஸ்விட்சைத் தேடுவதற்கு முன், அதைத்தான் பார்ப்பான். நிறைந்திருக்கிறது. எப்போது கூப்பிட்டாலும் தயார்.

கூப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். இங்கே சாயங்காலமாக இருக்கும்போது அங்கே அவளுக்கு மதிய இடைவேளை. லேப்டாப்பை இறக்கி மேஜையில் வைத்து, அங்கும் சார்ஜரை மாட்டி, போனிலிருந்து நெட் கொடுத்துவிட்டு உட்காருவான். "போன்ஜு" என்று ஆரம்பிப்பாள். அந்த ஊரில் காலை வணக்கம் அது, மதியத்திலும் அதையே சொல்வாள். சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன். மழையா, மழை. லிஃப்ட் ஓடுகிறதா, ஓடவில்லை. சார்ஜர் மாட்டியிருப்பதால் அவசரமில்லை. அவசரமில்லாததால் எதுவும் சொல்லப்படவில்லை.

இரண்டு வருட ஒப்பந்தம். ஆகஸ்டில் முடிகிறது. விரும்பினால் இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போடலாம் என்று அவள் மே மாதமே சொல்லியிருந்தாள். அவன் "ம்" என்றான். ஜூனில் இன்னொரு முறை சொன்னாள். "யோசிச்சுக்கோ" என்றான். அவள் வரவேண்டும் என்பதைத் தவிர அவனுக்குள் வேறு எதுவும் இல்லை. டெர்மினலைத் தேய்க்கும்போதும் ரயிலில் தொங்கும்போதும் அதுவேதான். ஆனால் போகாதே என்று சொல்லாதவன் வா என்று சொல்வது எப்படி?

*

ஜூலையில் ஒரு ஞாயிறு. வெளியே மழை சாய்ந்து பெய்துகொண்டிருந்தது.

"என்னங்க அது, சட்டையில, வயித்துகிட்ட?"

"ஒண்ணுமில்ல. ஆசிட்டு."

"அது நீலச் சட்டைல்லா? வெளிய போட எடுத்தது."

"எல்லாம் போடுறதுக்குத்தான்."

"நல்லாருக்கு. நாலு கொசு ஒரு பக்கம் போயி மறுபக்கம் வரலாம்."

அவன் சிரித்தான். அப்போது ஃபேன் நின்றது. கட்டடம் முழுவதும் ஒரு சத்தம் அடங்கியது. திரை கொஞ்சம் மங்கியது.

"கரண்டு போயிட்டா?"

"போவட்டும். பேட்டரில ஓடுது. நூறு இருக்கு."

"நம்பலாமா?"

"ஏளா, யாருகிட்ட கேக்க? நான் பாக்குற பேட்டரி."

அவள் சிரித்துவிட்டுப் பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். முகம் திரை முழுவதும் வந்தது.

"அப்ப நடுவுல பேசாம கேளுங்க. இதை நான் ஒருக்காத்தான் சொல்லுவேன். நாளைக்கு ஆபீஸ்ல பதில் கேப்பாங்க. நான் என்ன முடிவு பண்ணிருக்கேன்னா…"

திரை அணைந்தது.

எச்சரிக்கை எதுவும் வரவில்லை. கடைசியாகப் பார்த்தபோதுகூட மூலையில் தொண்ணூறு சொச்சம் இருந்தது. பொத்தானை அழுத்தினான். ஒரு சிவப்புப் புள்ளி மினுங்கி அணைந்தது. மறுபடி அழுத்தினான். அதுவும் இல்லை.

போனை எடுத்துக் கூப்பிட்டான். நீண்ட நேரம் அடித்த பிறகு எடுத்தாள். மூச்சு வாங்கியது, படியேறிக்கொண்டிருந்தாள்.

"உங்க படம் அப்படியே நின்னுட்டு. நான் பாட்டுக்குப் பேசிட்டே இருந்தேன். சொன்னது கேட்டுச்சா?"

மேஜையில் லேப்டாப் கறுப்பாக நின்றது. ஒரு நிமிடத்துக்கு முன்தான் அவன் பெருமையடித்திருந்தான். ஊரார் வீட்டுப் பேட்டரியெல்லாம் பார்க்கிறவன் வீட்டில் பேட்டரி செத்தது என்று எப்படிச் சொல்வது?

"கேட்டுச்சு."

"பூராவுமா?"

"பூராவும்."

"அப்ப பேட்டரி தாங்குச்சா?"

"தாங்குச்சு. நெட்டுதான் போயிட்டு."

"சரி, என்ன சொல்லுதீங்க? நான் சொன்ன மாதிரி செய்யட்டுமா?"

கேட்காத ஒன்றுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று அவன் யோசிக்கவில்லை. எத்தனையோ வருடப் பழக்கம் அவனுக்காகப் பேசியது.

"சரி."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு மணி அடித்தது. அவள் படியில் நின்றுவிட்டாள் என்பது மூச்சிலிருந்து தெரிந்தது.

"சரின்னா சரி," என்றாள். "வைக்கேன். மேல கூப்பிடுறாங்க."

கரண்ட் வந்தது. சார்ஜர் விளக்கு எரிந்தது. அவன் அரிசி களைந்து குக்கரை ஏற்றிவிட்டு வந்து பார்த்தபோது மூலையில் மறுபடி நூறு என்று இருந்தது. சட்டென்று நிறைகிற பேட்டரி செத்த பேட்டரி. இதை அவன் எத்தனையோ வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறான்.

*

திங்கட்கிழமை மாட்டுங்காவில் வேலை. அனந்தநாராயணன் என்பவரின் வீடு. அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனபோது பானுமதிதான் மாதக்கணக்கில் வந்து பார்த்துக்கொண்டவள். அவர் மனைவி ஷ்யாமளா பால்கனிக் கதவைத் திறந்துவிட்டார்.

"வாங்கோ நாகராஜ். ஜலம் குறைஞ்சிருக்கா பாருங்கோ. பானு எப்போ வரா?"

எப்போதும் கேட்பதுதான். எப்போதும் அவன் "வருவா மாமி" என்பான். அன்று கேனின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"என்ன, பதிலையே காணோம்? இன்னும் ஒரு வருஷம் இருக்கப்போறாளா?"

"தெரியல மாமி."

"உமக்கே தெரியலேன்னா வேற யாருக்குத் தெரியும்? அவ ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னா. நானும் சரின்னுட்டேன்."

"எதுக்கு சரின்னேள்?"

"அவ சொன்னதுக்கு."

"என்ன சொன்னா?"

"அதுதான் மாமி தெரியல."

ஷ்யாமளா அவனைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, யாரிடமோ சொல்வதுபோல், "நன்னாயிருக்கு. பேஷா குடித்தனம் நடத்தறா ரெண்டு பேரும்" என்றார்.

உள்ளறையிலிருந்து அனந்தநாராயணனின் கைத்தடி தரையைத் தட்டும் சத்தம். "யாரு? பானுவா வந்திருக்கா?"

"ஏன்னா, பானு இல்லே. நாகராஜ்."

தடி நின்றது. பேர் காதில் விழுந்ததும் எழுந்து வரப் பார்த்திருக்கிறார். நாகராஜ் குனிந்து ஒவ்வொரு மூடியாகத் தண்ணீர் விட்டான். பேட்டரி நன்றாக இருந்தது. அதன் எல்லா அறைகளிலும் ஹைட்ரோமீட்டர் ஒரே அளவு காட்டியது. அவனால் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

கீழே வந்து போனை எடுத்தான். அங்கே இன்று ஆபீஸில் பதில் கேட்பார்கள். இப்போது சொன்னால்கூட நேரம் இருக்கலாம். குரல் செய்திக்கான பொத்தானை அழுத்திப் பிடித்து, "பானு," என்றான். பின்னால் ஒரு பஸ் போனது. அது போகட்டும் என்று காத்திருந்தான். போன பிறகு இன்னொரு முறை "பானு," என்றான். விரலை நகர்த்தி அழித்தான். சரி என்று சொன்னது தான் விரும்பியதற்கான சரியாகவும் இருக்கலாம். அவள் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படி இருந்தால் கேட்டு ஏன் கெடுக்க வேண்டும்? அந்த நினைப்பு அவனுக்கு இதமாக இருந்தது. செம்பூர் பக்கம் போகும் பஸ் வரும்வரை அதை வைத்துக்கொண்டு நின்றான்.

*

வியாழக்கிழமை லேப்டாப்பைத் துவாலையோடு பையில் வைத்துக்கொண்டு வாஷிக்குப் போனான். மான்குர்த்துக்கு அடுத்த ஸ்டேஷன்தான், நடுவில் கழிமுகம். ரயில் பாலத்தில் ஓடும்போது பேச்செல்லாம் தடதடப்பில் அமுங்கிவிடும். அவர்கள் இருவரும் எப்போதாவது வாஷி மார்க்கெட்டுக்குப் போகும்போது, அந்தப் பாலத்தின் மேல் மட்டும் பானுமதி பேச்சை நிறுத்திக்கொள்வாள். கரை வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

ரோஷன் கடையில் ஆளில்லை. அவனே ஸ்டூலில் உட்கார்ந்து திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"ஆயியே அண்ணாச்சி! என்ன, குழந்தையைத் துணில சுத்திக் கொண்டாந்திருக்கீங்க?"

"பேட்டரி நிக்க மாட்டேங்குலே."

"நான் போட்டுக் குடுத்தது புதுசு. ரெண்டு வருஷம்கூட ஆகல."

"நூறு காட்டுது. கரண்ட் போனதும் படுத்துருது."

ரோஷன் லேப்டாப்பைத் திறந்து, கறுப்பு ஜன்னல் ஒன்றில் ஒரு வரி தட்டினான். ஒரு பக்கம் விரிந்தது. பட்டியல்கள், கோடுகள். விரலை இரண்டு இடத்தில் வைத்தான்.

"இது பொறந்தப்போ இதுக்குள்ள எவ்வளவு நிக்கும்னு. நாப்பத்தொண்ணு. இது இன்னிக்கு முழுசா நிறைச்சா எவ்வளவு நிக்கும்னு. பாத்தீங்களா? ஒம்பது."

"நூறுன்னுல்லா காட்டுச்சு?"

"எதுல நூறு? அது இந்த ஒம்பதுல நூறு. டம்ளரு சின்னதாயிட்டே போகுது அண்ணாச்சி. சின்ன டம்ளரு வழிய வழிய நின்னாலும் அது நூறுன்னுதான் சொல்லும். அந்த நம்பரைப் பாத்து ஒண்ணும் தெரியாது. இந்த ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கணும்."

நாகராஜ் இரண்டு எண்களையும் பார்த்தான். அவன் ஹைட்ரோமீட்டரை உறிஞ்சி எடுத்து மிதவை எங்கே நிற்கிறது என்று பார்க்கிறவன். உள்ளே இருப்பதை நேராகப் பார்த்தே பழக்கம்.

"ரொம்ப ஓட்டிட்டேனோ?"

"ஓட்டினீங்களா?" ரோஷன் சிரித்தான். "இங்க பாருங்க. முழுசா நிறைஞ்சு முழுசா தீந்தா ஒரு சைக்கிள். பாதி பாதியா ரெண்டு தடவை தீந்தாலும் ஒண்ணுதான். காலேஜ் பசங்க லேப்டாப்புல நானூறு ஐநூறு இருக்கும். உங்களுது எவ்வளவு தெரியுமா? ஏழு."

"அப்ப?"

"அப்ப என்ன, இது ஓடித் தேயல. நின்னு தேஞ்சிருக்கு. பிளக்கைக் கழட்டவே இல்லைல்லா? ஈமான்தாரியா, மறைக்காம சொல்லுங்க."

"கழட்டுவாங்களா? பேட்டரிய எப்பவும் நிறைச்சு வெக்கணும். நான் எத்தனை வருஷமா பேட்டரி பாக்கேன்!"

"அது ஈயம் அண்ணாச்சி. உங்க மாமனார் மாதிரி, வயிறு எப்பவும் ரொம்பியிருந்தாத்தான் சத்தம் போடாம உக்காந்திருக்கும். இது லித்தியம். நிறைச்சே வெச்சா உள்ளுக்குள்ள இறுகிப் போயிரும். அதுலயும் சூட்டுல வெச்சா கேக்கவே வேணாம். எங்க வெச்சிருந்தீங்க?"

"பீரோ மேல. துவாலை போத்தி."

"வெயில் சுவரு பக்கமா?"

நாகராஜ் துவாலையை எடுத்து மடிக்கத் தொடங்கினான்.

"அரே பாப்ரே! போர்த்தி வேற வெச்சிருக்காரு. இதைக் கொஞ்சம் செலவழிக்கணும் அண்ணாச்சி. எம்பதுக்கு மேல ஏறக் கூடாது, இருபதுக்குக் கீழ போகக் கூடாது. அந்த நடுவுல ஏறி எறங்கிட்டு இருந்தா வருஷக்கணக்கா ஓடும். சும்மா தயாரா நிக்க வெச்சாத்தான் செத்துப்போகும்."

அரைக் கிளாஸ் கட்டிங் சாயா இரண்டு வந்தது. ரோஷன் சார்ஜரை உருவிவிட்டு ஏதோ ஒரு வீடியோவை ஓட விட்டான். குடிக்கத் தொடங்கினார்கள். எண் மெதுவாகத்தான் இறங்கியது. எழுபது வரை வந்தது. கிளாஸின் அடியில் கொஞ்சம் மீதி இருந்தபோது திரை அணைந்தது.

"அவ்வளவுதான்," என்றான் ரோஷன். "முழுசா ஓடாததால அதோட மீட்டருக்கே உண்மை தெரியாது. அதுவும் பழைய நினைப்புலயே சொல்லிட்டு இருந்திருக்கு. புதுசு வரவழைக்கேன், அடுத்த வாரம் ஆகும். அதுவரைக்கும் சார்ஜர்ல ஓட்டுங்க. அக்கா வர்றாங்களா ஆகஸ்டுல?"

நாகராஜ் கிளாஸைக் கீழே வைத்தான். நடந்ததைச் சொன்னான். அவன் இவ்வளவு பேசி ரோஷன் கேட்டதில்லை.

"கேக்கலன்னு சொல்லிருக்கலாமே அண்ணாச்சி. பேட்டரி செத்துச்சுன்னு சொன்னா அக்கா என்ன, உங்கள வேலையைவிட்டா தூக்கிடுவாங்க?"

"வெக்கமா இருந்துச்சுலே."

"சரி, வந்தா வரட்டும். இல்லன்னா நீங்க கூப்பிடுங்க."

"கூப்பிட்டதில்ல."

"என்னது?"

"வான்னு. ஒருக்காகூட."

ரோஷன் திருகாணிகளின் பக்கம் குனிந்துகொண்டான்.

*

அடுத்த ஞாயிறு கரண்ட் இருந்தது. நாகராஜ் லேப்டாப்பை மேஜையில் வைத்தான். சட்டையை மாற்றினான். ஓட்டையில்லாத சட்டை ஒன்று பெட்டிக்கு அடியில் இருந்தது, மடிப்போடு. அழைப்பு வந்ததும் எடுத்தான். அவள் முகம் வந்தது. சார்ஜரைக் கழற்றித் தரையில் போட்டான்.

"போன்ஜு. என்ன அது, வயரைக் கழட்டுதீங்க?"

"பேட்டரி செத்துட்டு பானு. ஒரு சாயா குடிக்கிற நேரம் ஓடும். மாட்டி வெச்சா நான் மழை, லிஃப்டுன்னு பேசிட்டே இருப்பேன். அதான் கழட்டிட்டேன். முதல்ல நான் பேசுதேன்."

"யாருங்க இது? எங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க."

"விளையாடாத. போன வாரம் நீ சொன்னது எனக்குக் கேக்கல."

அவள் சிரிப்பு முகத்திலேயே நின்றது.

"கேட்டுச்சுன்னீங்களே. பூராவும்னீங்க."

"பொய். நூறு இருக்குன்னு பெருமையடிச்சு வாயை மூடல, செத்துட்டு. ஒங்கிட்ட அதைச் சொல்ல வெக்கப்பட்டு…"

"அப்ப எதுக்குச் சரின்னீங்க?"

"நீ கேட்ட. சொன்னேன்."

அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று முதலில் தெரியவில்லை. சிரிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஜன்னலில் மஞ்சள் கல் சுவர் ஒன்று வெயிலில் நின்றது.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா?" என்றாள். "எனக்கு இன்னொரு வருஷம் இங்க இருக்க மனசில்லைன்னேன். நீங்க வான்னு ஒரு வார்த்தை சொன்னா கையெழுத்துப் போட மாட்டேன், வந்துருதேன்னேன். நீங்க சொல்லலேன்னா போட்டுருதேன்னேன். அதான் அப்புறம் கேட்டேன், நான் சொன்ன மாதிரி செய்யட்டுமான்னு. சரின்னீங்க. வான்னு சொல்லல. அந்தப் படியிலயே நின்னேன். வேற ஏதாவது சொல்லுவீங்கன்னு கொஞ்ச நேரம் நின்னேன்."

அவனுக்கு அந்த மூச்சுச் சத்தம் ஞாபகம் வந்தது.

"போட்டுட்டியா?"

"திங்கக்கிழமையே."

"கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியாதா?"

"பேப்பர் மேலிடத்துக்குப் போயிட்டுங்க. இனி அடுத்த ஆகஸ்டுதான்."

மூலையில் எண் எண்பத்துமூன்று. அந்த எண்ணுக்கு இப்போது அர்த்தமில்லை என்று அவனுக்குத் தெரியும். எந்த நொடியும் போகலாம். கீழே யாரோ லிஃப்ட் கதவை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

"ஏன் ஒருக்காகூட கேக்கல நீங்க?" என்றாள். "போகாதேன்னும் சொல்லல. வான்னும் சொல்லல. எப்பக் கூப்பிட்டாலும் எடுத்தீங்க. அது தெரியும் எனக்கு. எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

"ம்."

"ம் போடாதீங்க."

அவன் சட்டையின் முன்பக்கத்தை நீவினான். ஓட்டை எதுவும் விரலுக்குத் தட்டவில்லை.

"இப்பச் சொல்லி ஆகப்போறது ஒண்ணுமில்ல," என்றாள் அவள், குரலை இறக்கி. "ஆனாலும் சொல்லுங்க. கேட்டுக்கிடுதேன்."

தினமும் சொல்கிற சொல்தான். மாடிப்படியில் நிற்கும் நாயிடம் சொல்வான். கான்ட்ராக்டரின் ஆட்களிடம் சொல்வான். அவளிடம் சொல்ல நாக்கு அதைப் புதிதாகத் தேடியது.

"வா பானு," என்றான். "எனக்கு இங்க… நீ போன நாள்லேர்ந்து இந்த வீட்டுல…"

சொன்னான். முதல் சில சொற்களுக்குப் பிறகு அது தானாக வந்தது. மேற்குச் சுவரைப் பற்றி, வெள்ளை விளக்கைப் பற்றி, விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவைப் பற்றி. அவள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மேஜையைப் பார்த்தே பேசியவன் அப்படித்தான் நினைத்தான். நிமிர்ந்தபோதுதான் திரை கறுத்துக் கிடப்பதைப் பார்த்தான். எந்தச் சொல்லில் அணைந்தது என்று தெரியவில்லை.

போனை எடுத்துக் கூப்பிட்டான். உடனே எடுத்தாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு." மூக்கடைத்த குரல்.

"பூராவுமா?"

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பூராவும்," என்றாள்.

அந்தப் பதில் அவனுக்குத் தெரியும். அதே சொற்களை இதே இடத்தில் உட்கார்ந்து அவன் சொல்லியிருக்கிறான். சார்ஜர் தரையில் கிடந்தது. எட்டி எடுத்து மாட்டியிருக்கலாம். எடுக்கவில்லை.

"இன்னொருக்கா சொல்லுதேன்," என்றான்.

"மேல கூப்பிடுறாங்கங்க."

"கூப்பிடட்டும்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "வா பானு" என்று முதலிலிருந்து ஆரம்பித்தான்.